பொடியள் ஏன் சிரித்தார்கள்?

தலைமை தாங்கும் ஐயா அவர்களே, முன்வரிசையில் இருக்கும் அதிபர்களே, நூலகர் அம்மா அவர்களே, பூசையை முடித்த கையோடு வந்திருக்கும் குருக்கள் ஐயா, பங்குத்தந்தை அவர்களே, மௌலவி அவர்களே, ஒலிபெருக்கியும் கதிரையும் காசு வாங்காமல் தந்த கடைக்கார அண்ணா, பின்னால் சுவரோடு நிற்கும் தம்பி தங்கைமாரே, எல்லாருக்கும் வணக்கம். கடல் பக்கம் மழை இருட்டுகிறது, ஆனபடியால் மூன்றே விஷயம்: ஒரு படம், அதைப் பார்த்தவர்கள், அப்புறம் தணிக்கை.

எங்கள் அம்மம்மா எதற்கெடுத்தாலும் சொல்லுவா, "கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய்" என்று. இன்றைக்கும் அதைத்தான் பிடித்துக்கொண்டு நிற்கிறேன்.

2015இல் ஹொலிவுட்டில் 'ஸ்கௌட்ஸ் கைட் டு த ஸொம்பி அபொகலிப்ஸ்' என்று ஒரு படம் வந்தது. மூன்று சாரணர் பையன்கள், ஊரெல்லாம் ஸொம்பி, அதாவது எழும்பி நடந்து ஆளைக் கடிக்கிற பிணங்கள், வாயைத் திறந்தால் அசிங்கப் பகிடி. அதில் ஒன்றைக்கூட இந்த மேடையில் சொல்லமாட்டேன். அமெரிக்காவிலேயே 17 வயதுக்குக் குறைந்தவர்கள் பெரியவர் துணையோடுதான் பார்க்கலாம் என்று ஆர் சான்றிதழ் கொடுத்த படம் அது.

போன வருடம் ஒரு பின்னேரம் உப்புவெளியில் அக்கா வீட்டுக்கு இரண்டு பாரை மீன் வாங்கிக்கொண்டு போனேன். விறாந்தையில் மருமகனும் கூட்டாளிமாரும் ஐந்து பேர், உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேறு பார்த்திருந்த பொடியள், வெள்ளை வேட்டியை யன்னல் கம்பியில் கட்டி இந்தப் படத்தைப் போட்டிருந்தார்கள். மருமகள் கதவு நிலையில் சாய்ந்து நின்றாள். நான் படியில் கால் வைத்த நேரம் பார்த்து ஒரு கேடுகெட்ட காட்சி, ஐந்து பேரும் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். எனக்கு வந்த கோபத்தில் வயரைப் பிடுங்கிவிட்டேன். எல்லாரும் கப்சிப். அக்கா குசினிக்குள் இருந்து வந்து, "தம்பி, நீ முழுக்கப் பார்த்தனியோ?" என்று ஒரே ஒரு கேள்விதான் கேட்டா. சரி என்று வயரைத் திரும்பக் கொழுவிவிட்டு உட்கார்ந்தேன், மீன் பை கையிலேயே இருந்தது, தண்ணீர் சொட்டிச் சொட்டிச் சாரம் நனைந்துபோனது.

அப்போதுதான் நான் படத்தை விட்டுப் பொடியளைப் பார்த்தேன். அசிங்கப் பகிடி வந்தால் முதலில் ஆளை ஆள் பார்க்கிறார்கள், பிறகுதான் சிரிக்கிறார்கள். ஆனால் கூடாரத்தில் கூட்டாளியை விட்டுவிட்டு மற்ற இருவரும் களவாகப் பார்ட்டிக்குப் போகிற இடத்தில் ஒருவரும் சிரிக்கவில்லை. படம் முடிந்ததும் மருமகள் சொன்னாள், "பொம்பிளைப் பிள்ளைகளை இந்தப் படம் பார்க்கிற பார்வை சரியில்லை" என்று. முதலில் எதிர்த்துக் கதைத்தார்கள், பிறகு வாயடைத்துப் போனார்கள். அதற்குப் பிறகு ஒரு பொடியன் குனிந்துகொண்டு, "எனக்குக் கட்டாருக்கு விசா வந்திட்டுது, உங்களிட்டைச் சொல்லேல்லை" என்றான். நாலு பேரும் அவனுடைய தோளில் கை போட்டுக்கொண்டு நெடுநேரம் இருந்தார்கள். வயரைப் பிடுங்கினபடியே நான் போயிருந்தால்? கண்ணால் காண்பதும் பொய்!

இன்னொன்று. 1968இல் ஜோர்ஜ் ரொமேரோ எடுத்த ஸொம்பிப் படத்துக்குப் பகல் காட்சியென்று சின்னப் பிள்ளைகள் போய் அழுதார்கள் என்று விமர்சகர் ரொஜர் ஈபர்ட் எழுதினார். படங்களை வயதுக்கேற்பத் தரம் பிரிக்கிற முறை அமெரிக்காவில் அந்த வருடம் நவம்பரில்தான் வந்தது, படம் ஒக்டோபரிலேயே வெளியாகிவிட்டது. அவர் கோபப்பட்டது நியாயம், முக்கால்வாசிப் பிள்ளைகளோடு பெரியவர் ஒருவரும் வரவில்லையே! அதே படத்தை 1999இல் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் பாதுகாக்க வேண்டிய படமாகச் சேர்த்துக்கொண்டது. தீர விசாரிக்க அவர்களுக்கு 31 வருடம் எடுத்தது.

எங்களிடம் அவ்வளவு காலம் இல்லை. டச்சுக்குடாக் கடற்கரையில் பொடியள் இருட்டில் தனித்தனியே போனைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், பக்கத்தில் இருந்து "ஏன் சிரிச்சனீ?" என்று கேட்க ஆள் இல்லை. ஆகவே நூலகர் அம்மாவிடமும் அதிபர்மாரிடமும் கையேந்திக் கேட்கிறேன், மாதத்தில் ஒரு சனிக்கிழமை பின்னேரம் இந்த மண்டபத்தைத் தாருங்கள். வயதுக்கேற்ற ஒரு படம், பிறகு ஒரு மணித்தியாலம் கதை. தாய் தகப்பனும் பிள்ளையும் ஒரே வரிசையில் இருக்கவேண்டும், தமிழ், முஸ்லிம், சிங்களப் பிள்ளைகள் எல்லாரும் வரவேண்டும். புரொஜெக்டர் என்னுடையது, திரைக்கு வேட்டி அக்கா தருவா.

வாசல் மேசையில் ஒரு சி.ஆர். கொப்பி இருக்கிறது. மழை பிடிக்கமுதல் பெயரை எழுதிவிட்டுப் போங்கள், பிள்ளையின் பெயரையும் பக்கத்திலேயே எழுதுங்கள்.