தொட்டிப் பாசியும் கோடைத் தண்ணீரும்

நேயர்களுக்கு வணக்கம். கடல்நீர் மீன் தொட்டி வைத்திருப்பவர்கள் என்னிடம் அதிகம் கேட்கும் கேள்வி, பாசியைக் கொல்ல என்ன மருந்து ஊற்றலாம் என்பதுதான். மருந்தால் பாசி சாகக்கூடும். ஆனால் செத்த பாசி அழுகும்போது தண்ணீரிலுள்ள ஆக்சிஜன் குறைவதுடன், அது உறிஞ்சி வைத்திருந்த நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் மறுபடி தண்ணீரிலேயே கலந்துவிடுகின்றன. ஆகவே பாசிக்குத் தீனி எங்கிருந்து வருகிறது என்பதையே முதலில் தேட வேண்டும்.

மீனுக்கு அளவுக்கு மீறிப் போடும் இரை பாசிக்குத் தீனியாவதை எல்லோரும் அறிவார்கள். சென்னையில் பலர் கவனிக்கத் தவறுவது, வற்றும் நீருக்கு ஈடாக ஊற்றும் தண்ணீரை. மே மாத வெயிலில் தொட்டியின் சூடு 30 பாகையைத் தாண்டாமலிருக்க நாம் சிறு மின்விசிறி வைக்கிறோம். அந்தக் காற்றில் என் வீட்டு 200 லிட்டர் தொட்டியில் நாளொன்றுக்கு ஏறத்தாழ 3 லிட்டர் ஆவியாகிவிடுகிறது. ஆவியாவது நீர் மட்டுமே. அதில் கரைந்திருந்தவை அனைத்தும் தொட்டியிலேயே தங்கிவிடுகின்றன. ஒரு மாதத்தில் 90 லிட்டர் போர்வெல் தண்ணீரையோ லாரித் தண்ணீரையோ ஊற்றினால், அவ்வளவு தண்ணீரிலும் இருந்த சிலிகேட், நைட்ரேட், பாஸ்பேட் எல்லாம் உள்ளேயே சேர்ந்துகொண்டிருக்கும். கண்ணாடியில் பழுப்பு மாவாகப் படியும் டயட்டம் பாசிக்கு இந்தச் சிலிகேட் இன்றியமையாதது.

சமையலறை ஆர்.ஓ. இயந்திரம் போதாதா என்று கேட்பீர்கள். குடிப்பதற்குச் சுவை வேண்டுமென்று அவற்றில் பல, வடிகட்டிய நீரில் தாது உப்புகளை மீண்டும் சேர்த்துவிடுகின்றன. ஆர்.ஓ. நீரை, எஞ்சிய உப்புகளைப் பிடித்துக்கொள்ளும் டி.ஐ. பிசின் வழியாகவும் செலுத்தி, நீரில் கரைந்துள்ளவற்றை அளக்கும் டி.டி.எஸ். மீட்டர் சுழியம் காட்டும்போது பயன்படுத்துவதே நல்லது. இதைத் தாமதமாகக் கற்றதற்கு நான் ஒரு கோடை முழுவதையும் விலையாகக் கொடுத்தேன்.

நல்ல நீருக்கு மாறிய மறுவாரமே பாசி மறைந்துவிடாது. கற்களில் ஏறியிருக்கும் பாஸ்பேட் மாதக்கணக்கில் கசிந்துகொண்டிருக்கும். அதுவரை கல்லை ஒரு வாளி உப்புநீரில் வைத்து, முடிபோல் வளர்ந்த பாசியைப் பல்துலக்கியால் தேய்த்தெடுக்க வேண்டும். டர்போ நத்தைகள் மேய்ந்து உதவும். ஆயினும் அவற்றின் கழிவும் அதே நீரில்தான் விழுகிறது. மீன் தொட்டியுடன் இணைந்த, நீரை வடிகட்டும் சம்ப் என்னும் துணைத் தொட்டியில் கீட்டோமார்ஃபா பாசியை விளக்கொளியில் வளர்த்து, அவ்வப்போது ஒரு கைப்பிடி அள்ளி வெளியே எறிந்தால், அது உண்ட சத்தும் அதனுடன் வெளியேறிவிடுகிறது. எனக்கு மிகவும் பிடித்த முறை இதுவே.

சிவந்த வழவழப்பான படலம் படர்ந்தால், அது சயனோபாக்டீரியா என்னும் நுண்ணுயிர். அதைக் குழாயால் உறிஞ்சியெடுத்து, நீரோட்டத்தைக் கூட்டுங்கள். நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் அறவே இல்லாமலாக்க முயலவும் வேண்டாம். அத்தகைய சத்து வறண்ட நீரில், அகற்றுவதற்கு மேலும் கடினமான டைனோஃபிளாஜெலேட்டுகள் என்னும் ஒற்றைச் செல் உயிர்கள் இடம்பிடிக்கும்.

முடிப்பாசி விலகிய கல்லில், நாளடைவில் இளஞ்சிவப்பு நிறத்தில் சுண்ணாம்புபோல் கெட்டியான ஒரு பூச்சு படரும். அதுவும் ஒருவகைப் பாசிதான். முன்கண்ணாடியில் படிந்ததை மட்டும் சுரண்டிவிட்டு, கல்லில் படர்வதை அப்படியே விட்டுவிடுங்கள்.