ஒரே தையல், இரண்டு கூலி

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, ஞாயிற்றுக்கிழமை ஓவர்டைமை விட்டுவிட்டு வந்து உட்கார்ந்திருக்கும் திருப்பூர் மக்களே, வணக்கம்.

"உள்ளூர்த் தொழிலாளியைக் காப்பாற்றப் போவது உள்ளூர்க்காரருக்கு ஒதுக்கீடா, எல்லோருக்கும் சம உரிமையா?" இதுதான் தலைப்பு. சம உரிமைதான் என்று பேச வந்திருக்கிறேன். "இவர் யாதும் ஊரே என்று ஆரம்பிப்பார் பாருங்கள்" என்று எதிரணித் தலைவர் என்னைக் கிண்டல் செய்துவிட்டு உட்கார்ந்தார். ஆரம்பிக்க மாட்டேன் ஐயா. பாட்டைக் காட்டினால் சனிக்கிழமை சம்பளம் கிடைக்காது. நான் கூலியைப் பற்றியே பேசுகிறேன்.

அவர் சொன்னதில் ஒன்று உண்மை. "ஒரு பவர் டேபிள் தையல் மெஷினுக்கு நம்ம ஊர் டெய்லர் கேட்கிற கூலி ஒன்று, பீகார்ப் பையன் ஒத்துக்கொள்கிற கூலி ஒன்று. முதலாளி யாரை வைப்பார்?" என்றார். குறைந்த கூலிக்கு வருகிறவனைத்தான் வைப்பார். சரி, அவன் ஏன் ஒத்துக்கொள்கிறான்? அவன் வயிறு சின்ன வயிறா? கான்ட்ராக்டரிடம் முன்பணம் வாங்கியிருக்கிறான். படுப்பது கம்பெனி கொடுத்த அறையில்; வேலையை விட்டால் அன்று ராத்திரியே தெருவில் நிற்க வேண்டும். சங்கத்தில் சேர்க்க யாரும் அவனைத் தேடிப் போகவில்லை. தொழிலாளர் ஆய்வாளர் அலுவலகம் எந்தத் தெருவில் இருக்கிறது என்று தெரியாது. தெரிந்தாலும் அங்கே அவன் பாஷையில் பேச ஆளில்லை. இவ்வளவும் சேர்ந்துதான் ஒரு மனுஷனை மலிவாக்குகிறது. எதிரணி இதையெல்லாம் விட்டுவிட்டு அவன் ஆதார் அட்டையில் எந்த ஊர் என்று பார்க்கிறது.

இதைச் சரிசெய்யப் புதுத் தத்துவம் ஒன்றும் வேண்டாம். ஒடிசாவில் கான்ட்ராக்டர்கள் ஆட்களை மொத்தமாகப் பிடித்து வெளிமாநிலங்களுக்கு அனுப்பிய கொடுமையைப் பார்த்துத்தான் 1979-இல் மாநிலங்களுக்கு இடையே புலம்பெயரும் தொழிலாளர் சட்டம் வந்தது. அதன் 13ஆவது பிரிவு என்ன சொன்னது? அதே வேலையை உள்ளூர்க்காரர் செய்தால் என்ன கூலியோ, அதற்குக் குறையாமல் வெளிமாநிலத்தவருக்கும் கொடு. அவ்வளவுதான். அதை ஒழுங்காக அமல்படுத்தியிருந்தால் முதலாளிக்கு வெளியூர் ஆளால் கிடைக்கும் லாபம் போயிருக்கும், நம்ம டெய்லரின் கூலியும் நின்றிருக்கும். அந்தப் பிரிவு பீகார்ப் பையனுக்காக எழுதியது என்று நினைக்கிறோம். உள்ளூர் டெய்லருக்கு அதைவிடப் பெரிய கவசம் வேறில்லை.

ஆனால் சட்டத்தில் ஓட்டை இருந்தது. கான்ட்ராக்டர் கூட்டி வந்தால்தான் அது செல்லும். தன்பாத் எக்ஸ்பிரஸில் தானாக டிக்கெட் எடுத்து வந்து இறங்கினவன் அதற்குள் வரமாட்டான். பழைய தொழிலாளர் சட்டங்களைச் சேர்த்து எழுதிய 2020ஆம் ஆண்டுத் தொகுப்புச் சட்டம் தானாக வந்தவனையும் சேர்த்துக்கொண்டது; அது நல்லது. கையோடு, ஐந்து தொழிலாளர் இருந்தால் சட்டம் பொருந்தும் என்பதைப் பத்தாக்கி, ஊரைவிட்டு வருகிறவனுக்குக் கொடுத்த இடப்பெயர்வுப் படியையும் எடுத்துவிட்டது. ஒன்பது பேரோடு நடக்கும் சின்ன ஜாப் ஒர்க் யூனிட் எத்தனை என்று இந்த ஊருக்கு நான் சொல்லத் தேவையில்லை. எதிரணிக்குக் கோபம் வர வேண்டியது இங்கே!

எதிரணி கேட்கிற ஒதுக்கீட்டை ஹரியானா செய்தே பார்த்துவிட்டது. தனியார் நிறுவனங்களில் மாதம் 30,000 ரூபாய்க்குள் உள்ள வேலைகளில் 75 சதவீதம் உள்ளூர்க்காரருக்கே என்று சட்டம் போட்டு, 2022 ஜனவரியில் அமலுக்குக் கொண்டுவந்தார்கள். 2023 நவம்பரில் பஞ்சாப் ஹரியானா உயர் நீதிமன்றம் அது அரசியலமைப்புக்கு விரோதம் என்று ரத்து செய்தது. ரத்து செய்யாமல் என்ன செய்யும்? நாட்டில் எங்கும் போகலாம், எங்கும் குடியிருக்கலாம், எந்தத் தொழிலும் செய்யலாம் என்கிறது அரசியலமைப்பின் 19ஆவது பிரிவு. அரசு வேலைக்கே பிறந்த இடமும் வசிப்பிடமும் பார்க்கக் கூடாது என்கிறது 16. வசிப்பிடம் பார்த்தே ஆக வேண்டுமென்றால் அதற்கு நாடாளுமன்றம் சட்டம் போட வேண்டும். சட்டமன்றத்துக்கு அந்த அதிகாரம் கிடையாது.

இன்னொன்றையும் கவனியுங்கள். அந்தச் சட்டம் 30,000-க்கு மேல் சம்பளம் வாங்குகிறவரைத் தொடவே இல்லை. வெளிமாநிலத்து மேனேஜர் வரலாம், ஹெல்பர் வரக்கூடாதாம்! மண்ணின் மைந்தர் பாசம் சம்பளச் சீட்டைப் பார்த்துத்தான் பொங்குகிறது.

அப்படியானால் மாநிலத்துக்கு உரிமையே இல்லையா என்று என் அணிக்காரரே முகம் சுளிக்கிறார். இருக்கிறது. தமிழ்நாட்டு அரசுப் பணித் தேர்வில் தமிழ்த் தாளில் தேற வேண்டும் என்று 2021-இல் ஆணை வந்தது. அதை நான் ஆதரிக்கிறேன். தாலுகா ஆபீஸில் உட்காருகிறவர் மனு கொடுக்க வருகிற பாட்டியோடு பேச வேண்டும். தமிழை யாரும் கற்றுக்கொள்ளலாம். பிறந்த ஊரை எந்த டியூஷனில் மாற்றிக்கொள்வது? அதேபோல, ரயில்வே வேலைக்கான தேர்வில் நம் பிள்ளைகள் பின்தங்குகிறார்கள் என்ற ஆத்திரம் எனக்கும் உண்டு. அதை டெல்லியிடம் காட்ட வேண்டும். கலவை சுமக்கிற ஜார்க்கண்ட் சித்தாளிடம் காட்டுவது வீரமா?

கேரளத்தில் இவர்களை 'அதிதி' என்கிறார்கள், விருந்தினர். மருத்துவக் காப்பீடும் கொடுத்தார்கள், வாழ்க. ஆனால் எனக்கு அந்தச் சொல் பிடிக்காது. விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்கிற ஊர் நம்முடையது. விருந்தாளியை வழியனுப்பலாம், குடிமகனை எப்படி அனுப்புவீர்கள்?

எதிரணியின் இரண்டாவது பேச்சாளர், "நாளைக்கு இவர்களுக்கு இங்கே ஓட்டு வந்தால் நம் அரசியல் என்ன ஆகும்?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்டார். குரலைத் தாழ்த்தியதிலேயே கேள்வி சரியில்லை என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. வழக்கமாக வசிக்கும் இடத்தில்தான் வாக்காளராகச் சேர வேண்டும் என்பது 1950-இலிருந்து சட்டம். உழைக்கிறவனுக்கு ஓட்டு இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதைத் தமிழனுக்கு வேறொருவர் வந்து சொல்ல வேண்டுமா? இலங்கை மலையகத்தில் தேயிலை பறித்தவர்கள் நம் ஆட்கள். 1948-இல் குடியுரிமையைப் பறித்தார்கள், அடுத்த ஆண்டு வாக்குரிமையும் போனது. 1964-இல் இரு நாட்டுப் பிரதமர்கள் போட்ட சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பங்கு பிரித்தார்கள். கொழுந்து பறித்த கைகளில் ஒன்றையாவது கேட்டார்களா? ஓட்டில்லாதவனை ஏன் கேட்கப் போகிறார்கள்!

மணி அடித்துவிட்டார்கள். ஒரு நிமிடம் நடுவர் அவர்களே.

1966-இல் பம்பாயில் சிவசேனை தொடங்கியபோது அதன் முதல் குறி யார் தெரியுமா? வேட்டியும் லுங்கியும் கட்டிய தென்னிந்தியர்கள். மராட்டியர் வேலையைப் பறிக்கிறார்கள் என்று அன்று நம்மைப் பற்றிச் சொன்னதும், இன்று இந்த மேடையில் எதிரணி சொன்னதும் ஊர்ப் பெயரை மாற்றினால் ஒன்றுதான். அது பழைய கதை என்பீர்கள். 2024 ஜூலையில் கர்நாடக அமைச்சரவை ஒரு மசோதாவுக்கு ஒப்புதல் கொடுத்தது: தனியார் நிறுவனங்களில் நிர்வாக வேலைகளில் 50 சதவீதமும் மற்ற வேலைகளில் 70 சதவீதமும் உள்ளூர்க்காரருக்கு. தொழில் நிறுவனங்கள் சத்தம் போட்டதும் நிறுத்தி வைத்தார்கள். நிறுத்தித்தான் வைத்திருக்கிறார்கள்.

ஓசூரிலிருந்து தினமும் காலையில் கர்நாடக எல்லையில் இருக்கும் அத்திப்பள்ளி தாண்டி வேலைக்குப் போகிற நம் பிள்ளைகள் இருக்கிறார்கள். அந்த மசோதா மறுபடி எழுந்து வருகிற அன்றைக்கு எதிரணி எந்தப் பக்கம் உட்காரும்? அடுத்து பேச வருகிறவர் அதற்கு மட்டும் பதில் சொல்லிவிட்டுத் தொடங்கட்டும்.