கோழி "கொர் கொர்" என்கிறதா? மருந்தைத் தேடாதீர்கள், முதலில் தண்ணீர்ச் சட்டியை எடுங்கள்!

(இருட்டு. கூண்டுக்குள்ளிருந்து வரும் சத்தம் மட்டும்.)

கேட்டதா? கொர்... கொர்... கோழிகள் அடைந்த பிறகு, விளக்கை அணைத்துவிட்டுக் கூண்டோரம் இரண்டு நிமிடம் நின்றால்தான் இது கேட்கும். பகல் கொக்கரிப்பில் காதில் விழாது. அதனால்தான் பல வீடுகளில் ஒரு கோழிக்கு வந்த சளி, ஐந்தாறு கோழிக்குப் பரவிய பிறகே தெரியவருகிறது.

வணக்கம். இன்றைக்குப் புறக்கடைக் கோழிகளின் சளி நோய்.

பெயர்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். முகம் வீங்கி, நாற்றமடிக்கும் சளி வடிந்து, சில நாளிலேயே கூட்டம் முழுக்கப் பரவினால் பெரும்பாலும் கொரைசா. வாரக்கணக்கில் இழுத்தால் சி.ஆர்.டி. எனும் நாள்பட்ட சுவாச நோய், காரணம் மைக்கோபிளாஸ்மா என்ற பாக்டீரியா. மூச்சுத் திணறலோடு கழிச்சலும் வந்து, கழுத்தும் முறுக்கிக்கொண்டால் ராணிக்கெட், நம் ஊர் வெள்ளைக்கழிச்சல். சரி, பெயர் போதும்.

இப்போது எனக்கு மிகவும் பிடித்த இடம். கோழி எப்படி மூச்சு விடுகிறது தெரியுமா? அதன் நுரையீரல் நம்முடையதைப் போல ஊதிச் சுருங்காது. முதுகுப் பக்கம் விலா எலும்போடு ஒட்டி, அப்படியே இருக்கும். காற்றை இழுத்துத் தள்ளுவது ஒன்பது காற்றுப் பைகள். கழுத்தடியில், நெஞ்சில், குடலைச் சுற்றி, உடம்பெல்லாம் பரவியிருக்கின்றன. அதில் ஒரு கிளை எலும்புக்குள்ளேயே போகிறது! அடுத்த முறை வளர்ந்த நாட்டுக்கோழியைக் குழம்பு வைக்கும்போது, இறக்கையில் தோளை ஒட்டிய எலும்பை உடைத்துப் பாருங்கள். உள்ளே பொந்தாக இருக்கும். கோழி மூச்சு விட்ட எலும்பு அது. எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு வியப்பு அடங்கவில்லை.

இந்த அமைப்பேதான் கோழிக்கு ஆபத்தும். காற்றுப் பையில் ரத்த ஓட்டம் மிகக் குறைவு. கிருமி அங்கே போய் உட்கார்ந்துவிட்டால் மருந்து சேர்வது கடினம்.

அப்புறம், கோழியின் அலகைத் திறந்தால் மேலண்ணத்தில் நீளமாக ஒரு பிளவு தெரியும். அது நேராக மூக்கோடு சேர்கிறது. மூக்குச் சளி அதன் வழியே வாய்க்கு வந்து, கோழி அலகை முக்கியதும் தண்ணீரில் கலக்கிறது. பத்துக் கோழிக்கும் அதே சட்டி!

அதனால் முதல் வேலை, சத்தம் போடும் கோழியைப் பிடித்து, தோட்டத்தின் மறுகோடியில் பஞ்சாரத்தில் கவிழ்த்து, தனிச் சட்டி வையுங்கள். பழைய சட்டியைத் தேய்த்துக் கழுவி வெயிலில் காயவிடுங்கள். தினமும் நல்ல கோழிகளைக் கவனித்த பிறகே நோய்க்கோழியிடம் போங்கள். திரும்பியதும் கைகால், செருப்பு எல்லாம் கழுவ வேண்டும்.

வீட்டில் மீந்த அமாக்சிசிலின் மாத்திரையைக் கரைத்து ஊற்றுகிறவர்களைப் பார்த்தால் மனசு பதறுகிறது. அந்த மருந்து கிருமியின் செல் சுவரைத் தாக்குகிற மருந்து. மைக்கோபிளாஸ்மாவுக்குச் செல் சுவரே கிடையாது! கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். மருந்து கொடுத்தால், அவர் சொல்லும் நாள்வரை முட்டையையும் கறியையும் சாப்பிட வேண்டாம்.

ராணிக்கெட்டுக்கு மருந்தே இல்லை, தடுப்பூசிதான். முதல் வாரத்தில் கண்ணிலோ மூக்கிலோ சொட்டு, எட்டாவது வாரத்தில் இறக்கைக்கு அடியில் ஊசி. தமிழ்நாட்டில் பிப்ரவரியில் கால்நடைத் துறை இலவச முகாம் நடத்தும்போது தவறவிடாதீர்கள்.

திடீரென்று கொத்தாகச் செத்தால் பறவைக் காய்ச்சலாகவும் இருக்கலாம். தொடாதீர்கள், அறுக்காதீர்கள். உடனே கால்நடை மருத்துவமனைக்குச் சொல்லுங்கள்.

இன்னொன்று, கூண்டுக்குள் குனிந்து, கோழியின் உயரத்தில் மூச்சை இழுத்துப் பாருங்கள். கண் எரிந்தால் அது எச்சத்திலிருந்து கிளம்பும் அமோனியா. மூச்சுக்குழாயின் காவலையே அது அரித்துவிடும்; சளிக்கு வழி திறந்துவிடும். உடனே கூண்டைக் கூட்டி, காற்றோட்டத்துக்கு வழி செய்யுங்கள்.

தேறிய கோழியும் கிருமியைச் சுமந்துகொண்டே திரியலாம். மைக்கோபிளாஸ்மாவானால் முட்டை வழியாகக் குஞ்சுக்கும் போகும். அந்தக் கோழியின் முட்டையை அடைக்கு வைக்காதீர்கள். புதிதாக வாங்கும் கோழியை ஒரு மாதம் தனியே வையுங்கள். சந்தையில் வாங்கிய ஓர் அழகான சேவலை அன்று மாலையே கூட்டத்தில் விட்டு, எங்கள் வீட்டில் ஏழு கோழிகளை இழந்தோம். அந்தச் சேவலுக்கு ஒரு தும்மல்கூட இல்லை.

உங்கள் ஊரில் இந்தச் சத்தத்துக்கு என்ன பெயர்? எழுதுங்கள். இன்று இரவே ஒருமுறை கூண்டோரம் நின்று கேட்டுவிடுங்கள்.