கல்லாவில் ஒரு முகம் வேண்டும்

மேடையில் இருக்கும் பெரியவர்களுக்கும், எதிரே உட்கார்ந்திருக்கும் உங்கள் எல்லோருக்கும் வணக்கம்.

பெரிய கடை ஒன்றில் 9 வருடம் பில் போட்டவள் நான். அப்புறம் 2 வருடம், அதே கடையில், வாங்குகிறவரே சாமானை ஸ்கேன் செய்து பணம் கட்டும் ஆறு செல்ஃப் செக்அவுட் மெஷின்களுக்கு நடுவே நின்றேன். யாருக்கு எங்கே மாட்டிக்கொண்டது என்று பார்த்து ஓடுவதுதான் வேலை. சாமான் வாங்க வருகிறவர்களின் முகத்தை இந்த இரண்டு இடத்திலிருந்தும் தினமும் பார்த்தேன். அந்த முகங்களைப் பற்றிச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

கேஷியரா, மெஷினா என்ற பேச்சு எங்கே தொடங்கினாலும் "எது வேகம்?" என்பதில்தான் போய் நிற்கும். அதை முதலிலேயே முடித்துவிடுகிறேன். ட்ராலி நிறையச் சாமான் என்றால் கை பழகிய கேஷியர்தான் வேகம். வாழைப்பழத்துக்கு 4011 என்று ஓர் எண் உண்டு. பல நாட்டுக் கடைகளில் இதே எண்தான். கேஷியருக்கு யோசிக்கவே வேண்டாம், விரல் அடித்துவிடும். வாங்குகிறவரோ திரையில் பழங்கள் இருக்கிற பக்கத்தைத் திறந்து, படம் படமாகத் தள்ளித் தேட வேண்டும். கையில் இரண்டே சாமான் என்றால் மெஷின் வேகம். சரி, அவ்வளவுதான் விஷயம்.

ஆனால் ஒன்றைக் கவனித்திருக்கிறேன். மெஷினில் தடவித் தடவி முடித்தவர்கூட "சட்டென்று ஆகிவிட்டது" என்பார். கடிகாரத்தைப் பார்த்தால் கவுண்டரில் ஆகிற நேரத்தைவிட அதிகம் ஆகியிருக்கும். அவர் பொய் சொல்லவில்லை. கை சும்மா இருந்தால் நேரம் நீளும், கைக்கு வேலை இருந்தால் சுருங்கும். டேவிட் மைஸ்டர் என்பவர் 1985-இல் வரிசையில் நிற்பவர்களின் மனநிலையைப் பற்றி எழுதியபோது இதைத்தான் முதலில் சொன்னார். ஆக, வேகம் என்று நாம் சொல்வதிலேயே பாதி மனசு சம்பந்தப்பட்டது. மீதிப் பாதியும் மனசுதான் என்பது என் அனுபவம்.

கொஞ்சம் பின்னால் போய்ப் பார்ப்போம். ஒரு காலத்தில் கடைக்குப் போனால் சாமான் எதையும் நாம் தொட முடியாது. சீட்டை நீட்டுவோம், உள்ளே இருப்பவர் எடுத்துக் கொடுப்பார். அமெரிக்காவில் மெம்பிஸ் நகரத்தில் 1916-இல் கிளாரன்ஸ் சாண்டர்ஸ் என்பவர் பிக்லி விக்லி என்ற கடையைத் திறந்தார். உள்ளே போங்கள், நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள், வெளியே வரும் வழியில் பணம் கட்டுங்கள் என்றார். அடுத்த வருடமே அந்த ஏற்பாட்டுக்குக் காப்புரிமையும் வாங்கினார். "இது என்ன?", "எது நல்லது?" என்று கேட்க ஓர் ஆள் இருந்தாரே, அவர் அன்றைக்கே போய்விட்டார். கடைசியில் பில் போடும் ஆள் மட்டும் மிச்சம். 1974-இல் ஓஹியோ மாநிலம் டிராய் ஊரில் ஒரு சூயிங்கம் பொட்டலத்தின் பார்கோடை முதன்முதலாக ஸ்கேன் செய்தார்களே, அப்போதும் அதைச் செய்தது ஒரு கேஷியரின் கைதான். இப்போது அந்தக் கடைசி ஆளையும் எடுக்கப் பார்க்கிறோம். "செல்ஃப் செக்அவுட்டும் இன்னொரு வசதிதானே, காலம் மாறும்போது இதெல்லாம் வரும்" என்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். 1916-இல் ஒருவர் போனபோது இன்னொருவர் இருந்தார். இவர் போய்விட்டால் கடைக்குள் நம்மைப் பார்த்துப் பேச வேறு யாரும் இல்லை.

இன்னொரு பழைய கதையும் இதோடு சேரும். கல்லாப்பெட்டி மெஷினைக் கண்டுபிடித்தவர் ஓஹியோவில் டேட்டன் ஊரில் மதுக்கடை வைத்திருந்த ஜேம்ஸ் ரிட்டி. 1879-இல் அதற்குக் காப்புரிமை வாங்கினார். தன் கடையில் வேலை செய்பவர்களே காசை எடுத்துவிடுகிறார்கள் என்பதுதான் அவருக்கு இருந்த கவலை. லஞ்சத்துக்கு மசியாத காசாளர் என்ற பொருளில் அதற்குப் பெயரும் வைத்தார். அதாவது கல்லாவில் முதல் மெஷின் வந்ததே சந்தேகத்தில்தான். அன்று சந்தேகம் பில் போடுபவர் மேல். இன்று அது வாங்குகிறவர் மேல் திரும்பியிருக்கிறது.

எப்படி என்று சொல்கிறேன். நீங்கள் சாமானை ஸ்கேன் செய்து பக்கத்தில் பையில் வைக்கிறீர்கள் அல்லவா, அந்தத் தட்டு ஒரு தராசு. ஒவ்வொரு பொருளுக்கும் இத்தனை கிராம் என்று மெஷினில் பதிந்து வைத்திருக்கும். நீங்கள் வைத்ததும் அந்த எடை கூடியதா என்று பார்க்கும். கூடவில்லை, அல்லது அதிகமாகக் கூடியது என்றால் நின்றுவிடும். ஒரு வாழ்த்து அட்டை வாங்கினால் அதன் எடை தராசுக்கே தெரியாது. வீட்டிலிருந்து கொண்டுவந்த கனமான பையை வைத்தால் அதிகம் என்று சொல்லும். குழந்தை தட்டில் கையை ஊன்றினாலும் அப்படித்தான். உடனே மெஷின் மேல் நிற்கும் கம்பத்தின் உச்சியில் சிவப்பு விளக்கு எரியும், பதிந்து வைத்த குரல் ஒன்று உரக்கச் சொல்லும். சுற்றியிருப்பவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள்.

ஒரு நாள் இருபது வயதுப் பையன் ஒருவன் நின்றான். விளக்கு எரிந்தது. நான் பக்கத்தில் போனதும், நான் வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே, இரண்டு உள்ளங்கையையும் விரித்துக் காட்டி "நான் எதையும் எடுக்கலைங்க" என்றான். யாரும் அவனை எதுவும் கேட்கவில்லை. அவன் வைத்த பொட்டலத்தின் எடை மெஷினில் பழைய கணக்கில் இருந்தது, அவ்வளவுதான். கடைக்காரர் பொட்டலத்தைச் சின்னதாக்கிவிட்டார், மெஷினுக்கு யாரும் சொல்லவில்லை. என் அடையாள அட்டையைத் தேய்த்து விளக்கை அணைக்க இரண்டு நொடி போதும். ஆனால் அவன் காது மடல் சிவந்தது கடையை விட்டுப் போகும்வரை மாறவில்லை. அந்த விரித்த கைகளை நான் இன்னும் மறக்கவில்லை. காசு கொடுத்துச் சாமான் வாங்க வந்தவன், தன் கை சுத்தம் என்று காட்ட வேண்டியிருந்ததே!

எனக்கும் அங்கே என்ன ஆயிற்று பாருங்கள். கவுண்டரில் உட்கார்ந்திருந்தபோது என் வாயில் முதலில் வருவது "வாங்க". மெஷின்களுக்கு நடுவே நின்றபோது முதலில் வருவது "பையைக் கொஞ்சம் காட்டுங்க". அதே ஆட்கள், அதே நான். ஆறு மெஷினுக்கு ஒருத்தி என்று நிறுத்தினால் கண் ஒவ்வொரு கையாகத்தான் தாவும், முகத்தைப் பார்க்க நேரமே இருக்காது. நின்றே இருந்ததில் கால் வீங்கியது வேறு விஷயம்.

இவ்வளவு சொல்வதால் மெஷினை உடைத்துப் போடச் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். மெஷினைத் தேடிப் போகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன், அவர்கள் பக்கம் பெரிய நியாயம் இருக்கிறது. கர்ப்பப் பரிசோதனைக் கிட் ஒன்றை மற்ற சாமானுக்கு அடியில் மறைத்து எடுத்துவரும் பெண்ணுக்கு என் முகம் தேவையில்லை. திக்கிப் பேசுகிறவருக்கு, "வேறு ஏதாவது வேணுமா?" என்ற கேள்வியே ஒரு மலை. எங்கோ அழுதுவிட்டு வந்து கண் வீங்கியிருப்பவர் யாரோடும் பேச விரும்ப மாட்டார். கையில் இருக்கும் பணத்துக்குள் வாங்க வேண்டும் என்று ஒவ்வொன்றாகக் கூட்டிப் பார்த்து, கடைசியில் ஒன்றைத் திருப்பி வைக்கிறவருக்கு, பின்னால் வரிசை நிற்காத ஓர் இடம் எவ்வளவு பெரிய விடுதலை!

இதில் எங்கள் தப்பும் உண்டு, மறைக்க மாட்டேன். ஒருமுறை ஒரு பெண் வாங்கிய சாமானைப் பார்த்து நான் லேசாகச் சிரித்துவிட்டேன். கேலியாக இல்லை, ஆனால் சிரித்தேன். அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அதற்குப் பிறகு அவர் என் கவுண்டருக்கு வந்ததே இல்லை. மனுஷ முகம் என்றாலே ஆறுதல் என்று யாராவது பேசும்போது அவர் பார்வைதான் எனக்கு ஞாபகம் வரும். முகமும் சுடும்.

அப்படியென்றால் வாங்க வருகிறவர்கள் என்னதான் எதிர்பார்க்கிறார்கள்? மரியாதை. விட்டுவிட வேண்டிய நேரத்தில் விட்டுவிடுவதும் மரியாதைதான், முகம் கொடுத்துப் பேச வேண்டிய நேரத்தில் பேசுவதும் மரியாதைதான். யாருக்கு எப்போது எது வேண்டும் என்பது அவர் முடிவு. காலையில் மெஷினுக்குப் போனவரே சாயங்காலம் என்னைத் தேடி வருவார். எனக்கு வருத்தம் மெஷின் வந்ததில் இல்லை. மெஷினைக் கொண்டுவந்துவிட்டு கவுண்டர்களை ஒவ்வொன்றாக மூடியதில்தான். ஆளில்லாத கவுண்டரைக் காட்டி, "பாருங்கள், எல்லோரும் மெஷினுக்கே போகிறார்கள்" என்றால் அது என்ன கணக்கு?

கேஷியரோடு பேசும் இரண்டு வார்த்தையில் என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு ஒரு ஆராய்ச்சியைச் சொல்கிறேன். கில்லியன் சாண்ட்ஸ்ட்ராம், எலிசபெத் டன் என்ற இரண்டு உளவியலாளர்கள் 2014-இல் வெளியிட்டது. காபிக்கடைக்கு வந்தவர்களில் சிலரை "வேலையை மட்டும் முடித்துக்கொண்டு வாருங்கள்" என்று அனுப்பினார்கள். மற்றவர்களை "சிரித்து, கண்ணைப் பார்த்து, இரண்டு வார்த்தை பேசிவிட்டு வாருங்கள்" என்று அனுப்பினார்கள். பேசிவிட்டு வந்தவர்களின் மனசு தெளிவாக இருந்தது, நாலு பேரோடு சேர்ந்தவர் என்ற உணர்வும் கூடுதலாக இருந்தது. தெரியாத ஆளோடு, அரை நிமிஷம் பேசியதற்கு இவ்வளவு! கவுண்டரில் உட்கார்ந்தவர்களுக்கு இது ஆராய்ச்சி இல்லாமலே தெரியும்.

நெதர்லாந்தில் யும்போ என்ற கடைக்காரர்கள் 2019-இல் இதையே ஒரு கவுண்டராக வைத்தார்கள். அரட்டைக் கல்லா என்று பெயர். அவசரமில்லாதவர்கள் அங்கே நிற்கலாம், பில் போடுபவரும் அவசரப்படுத்த மாட்டார். தனிமையில் வாடும் முதியவர்களை மனதில் வைத்து, அந்த நாட்டு அரசு நடத்திய இயக்கத்தோடு சேர்ந்து செய்தது. பிறகு நிறையக் கிளைகளுக்குக் கொண்டுபோனார்கள். இங்கிலாந்தின் வடக்கே பூத்ஸ் என்று அப்போது 28 கடைகள் வைத்திருந்த நிறுவனம், இரண்டு கடைகளைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் இந்த மெஷின்களை எடுத்துவிடுவதாக 2023-இல் அறிவித்தது. மெதுவாக இருக்கிறது, நம்ப முடியவில்லை, ஒட்டுதல் இல்லை என்று வாடிக்கையாளர்கள் சொன்னார்கள் என்பதே அவர்கள் சொன்ன காரணம். அமெரிக்காவில் டார்கெட் கடைகள் 2024-இல், பெரும்பாலான கிளைகளில் 10 சாமான் வரைக்கும்தான் மெஷின் என்று வரம்பு வைத்தன. வேறு சில கடைகள் திருட்டு அதிகமாகிவிட்டது என்று மெஷின்களைக் குறைத்தன. நஷ்டம் வந்தால் ஆளைத் திரும்பக் கூப்பிடுகிறார்கள். வாங்க வந்தவர் மனசு சுருங்கியதற்காகக் கூப்பிட்டவர்கள் குறைவு. இது எனக்கு வலிக்கிறது.

நான் கேட்பது பெரிய காரியம் இல்லை. கடை திறந்திருக்கும் நேரம் முழுக்க, எத்தனை மெஷின் இருந்தாலும் சரி, ஆள் உட்கார்ந்த கவுண்டர் ஒன்றாவது திறந்திருக்க வேண்டும். உட்கார்ந்த என்றுதான் சொன்னேன். கால் கடுக்க நிற்பவருக்குச் சிரிப்பு எங்கிருந்து வரும்? ஒரு நாற்காலி கொடுங்கள். கேஷியர் இரண்டு வார்த்தை பேசினால் அதை நேரம் வீண் என்று எழுதாதீர்கள். அந்தச் சிவப்பு விளக்கையும் குரலையும் கொஞ்சம் அடக்குங்கள். உதவி வேண்டும் என்பது வேலை செய்பவருக்குத் தெரிந்தால் போதும், கடைக்கே தெரிய வேண்டாம்.

கடைசியாக ஒருவரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். என் கவுண்டருக்குத் தினமும் ஒரு பெரியவர் வருவார். ஒரு நாள் சோப்பு, ஒரு நாள் தீப்பெட்டி, ஒரு நாள் ஒரே ஒரு பேனா. ஒரே தடவையில் வாங்கிப் போகலாமே என்று ஆரம்பத்தில் நினைத்திருக்கிறேன். பிறகுதான் எனக்குப் புரிந்தது. சில்லறையை எண்ணி எண்ணி வைப்பார். எத்தனை பேர் வந்தார்கள், மழை வருமா என்று கேட்பார். அவர் வீட்டில் பேச யாரும் இல்லை.

என் கவுண்டரை மூடிய மறுநாள் அவர் வந்தார். கையில் ஒரு சோப்பை வைத்துக்கொண்டு, மெஷின்கள் பக்கம் வராமல், மூடிய கவுண்டருக்கு முன்னால் நின்றிருந்தார். நான் ஓடிப்போய்க் கூட்டிவந்து, மெஷினில் நானே ஸ்கேன் செய்து, அவர் எண்ணிக் கொடுத்த சில்லறையை நானே ஒவ்வொன்றாகப் போட்டேன். வாடிக்கையாளர்களுக்கு இப்படிச் செய்து கொடுக்கக் கூடாது, அவர்களாகப் பழகட்டும் என்று அன்று சாயங்காலம் மேலதிகாரி என்னைக் கூப்பிட்டுச் சொன்னார். பெரியவர் ரசீதை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கேட்டார்: "நாளைக்கு எந்தப் பக்கம் உட்காருவேம்மா?"

எனக்கு உட்கார இடமே இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. "இங்கேதான் இருப்பேன் ஐயா, வாங்க" என்றேன்.