வேலைக்காரி வேடத்தில் ஒரு நிருபர்

நேயர்களுக்கு வணக்கம். இன்று ஒரு பழைய மௌனப்படத்தைப் பற்றிப் பேசலாம்.

தென்துருவப் பக்கம் போய்விட்டு ஊர் திரும்பியிருக்கிறார் ஒருவர். எங்கே பார்த்தாலும் அவரைப் பற்றித்தான் பேச்சு. அவருக்கோ பத்திரிகைக்காரர்களைக் கண்டாலே பிடிக்கவில்லை. பேட்டி கிடையாது என்று சொல்லிவிட்டார். ஹெர்த்தா என்ற இளம்பெண் ஒரு பத்திரிகையில் நிருபர். முன்வாசல் வழியாக விடமாட்டார்கள், சரி, அடுக்களை வழியாகப் போகலாம் என்று முடிவு செய்கிறாள். வயதைக் குறைத்துக் காட்டும்படி உடுத்திக்கொண்டு, அந்த வீட்டிலேயே வேலைக்காரியாகச் சேர்ந்துவிடுகிறாள். செய்தி தேடிப் போன இடத்தில் காதல் வந்து நிற்கிறது.

1916-ல் ஸ்வீடனில் வெளியான மௌனப்படம் இது. தலைப்பைத் தமிழில் சொன்னால் ‘காதலும் பத்திரிகைத் தொழிலும்’. இயக்கியவர் மௌரித்ஸ் ஸ்டில்லர். ஹெர்த்தாவாக நடித்தவர் காரின் மொலாண்டர், பயணியாக ரிச்சர்ட் லுண்ட். கதை எழுதியவர் டென்மார்க்கைச் சேர்ந்த ஹாரியட் பிளாக். நூற்றுக்கும் மேற்பட்ட திரைக்கதைகள் எழுதிய பெண்மணி அவர். சினிமா என்ற தொழிலே தவழ்ந்துகொண்டிருந்த நாட்களில் இத்தனை எழுதியிருக்கிறார் என்பதை நினைத்தால் எனக்கு மலைப்பாக இருக்கிறது.

துருவப் பயணி என்றால் யார் என்று அன்றைய ஸ்வீடன் ரசிகர்களுக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. ஓட்டோ நூர்டென்ஷோல்ட் தலைமையில் அண்டார்க்டிக்கா போன ஸ்வீடன் குழுவின் கப்பல் 1903-ல் பனிக்கட்டிகளுக்கு நடுவே சிக்கி நசுங்கி மூழ்கியது. குழுவினரை அர்ஜென்டினாவின் கப்பல் ஒன்று போய் மீட்டுவந்தது. 1911 டிசம்பரில் பக்கத்து நாடான நார்வேயின் அமுண்ட்சென் தென்துருவத்தைத் தொட்டார். படம் வந்த அதே 1916-ல்தான் அண்டார்க்டிக்கா பக்கத்து எலிஃபெண்ட் தீவில் தவித்துக்கொண்டிருந்த, பிரிட்டிஷ் துருவப் பயணி ஷாக்கில்டனின் ஆட்கள் மீட்கப்பட்டார்கள். இன்றைக்கு விண்வெளிக்குப் போய் வந்தவர்களைப் பார்ப்பதுபோல அன்றைக்கு இவர்களைப் பார்த்தார்கள்.

ஆள்மாறாட்ட நகைச்சுவை என்றதும் நமக்கு இரட்டையர் கதைகள் நினைவுக்கு வரும். ஒரே முகம், இரண்டு பேர், குழப்பம். இந்தப் படத்தில் முகம் மாறவே இல்லை. உடைதான் மாறுகிறது. பார்க்கும் நமக்கு உண்மை முதலிலிருந்தே தெரியும்; அந்த வீட்டில் இருப்பவர்களுக்குத்தான் தெரியாது. உலகத்தின் அடிமுனை வரை போய்ப் பார்த்துவந்த மனிதர், தன் வீட்டுக்குள் நடமாடுகிறவள் யார் என்று கண்டுபிடிக்க முடியாமல் இருக்கிறார். வேலைக்காரி உடையில் ஒருத்தி வந்தால் அந்த உடைக்கு மேல் யாரும் பார்ப்பதில்லை. படத்தின் சிரிப்பெல்லாம் இங்கிருந்துதான் பிறக்கிறது என்பது என் எண்ணம். காரின் மொலாண்டர் இதை நன்றாகப் புரிந்துகொண்டு நடித்திருக்கிறார். கையை வீசி, கண்ணை உருட்டி நடிப்பது சாதாரணமாக இருந்த காலத்தில் இவர் அடக்கி நடிக்கிறார். நூறாண்டுக்கு முந்தைய நடிப்பு என்று சலுகை கொடுத்துப் பார்க்க வேண்டியதே இல்லை.

இங்கே ஓர் உண்மைச் சம்பவத்தைச் சொல்ல வேண்டும். படத்துக்கு இரண்டு ஆண்டுகள் முன்னால், 1914-ல், எஸ்தர் பிளெண்டா நூர்ட்ஸ்ட்ரோம் என்ற ஸ்வீடன் பெண் நிருபர், தான் யார் என்று சொல்லாமல் ஒரு பண்ணை வீட்டில் ஒரு மாதம் வேலைக்காரியாக இருந்தார். அப்போது அவருக்கு 23 வயது. விடியுமுன் எழுந்து இரவுவரை முதுகொடியச் செய்த வேலைகளை ‘ஸ்வென்ஸ்கா தாக்பிளாடெட்’ நாளிதழில் எழுதினார். அது புத்தகமாகவும் வந்து நன்றாக விற்றது. பண்ணைப் பெண்களின் உழைப்பு நாடு முழுக்கப் பேச்சானது. திரைக்கதை டென்மார்க்கிலிருந்து வந்தது, ஆகவே நூர்ட்ஸ்ட்ரோமின் கதையைத்தான் படமாக்கினார்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் பார்க்க வந்த ஸ்வீடன் பெண்கள் பலருக்கு அவர் நினைவு வந்திருக்கும். படத்தில் காதலுக்கு வழிவிடும் அதே வேடம், நூர்ட்ஸ்ட்ரோமின் கையில் ஒரு வர்க்கத்தின் வாழ்க்கையைத் திறந்து காட்டியது. இரண்டையும் சேர்த்துப் பார்ப்பதுதான் எனக்குப் பிடித்திருக்கிறது.

அடுத்த ஆண்டு, 1917-ல், ஸ்டில்லர் இதே விளையாட்டைத் திருப்பிப் போட்டார். ‘தாமஸ் கிரால் எழுதிய மிகச் சிறந்த படம்’ என்று அந்தத் தலைப்பைச் சொல்லலாம். அதிலும் காரின் மொலாண்டர்தான். இந்த முறை அவர் பணக்கார வீட்டுப் பெண். ஒரு திரைக்கதை ஆசிரியரிடம் தட்டச்சு வேலைக்கு வந்து, தான் கொடுமைகளை அனுபவித்த ஏழை என்று கதை அளக்கிறார். அந்த ஆசிரியர் அப்படியே நம்பி, அதை வைத்தே படக்கதை எழுதுகிறார். அவள் சொன்ன பொய்யை அவர் மனதில் எப்படிக் காண்கிறார் என்பதும் திரையில் விரிகிறது. படத்துக்குள் படம்! அந்த ஏமாந்த ஆசிரியராக வருபவர் விக்டர் சியோஸ்ட்ரோம். 1957-ல் ‘காட்டு ஸ்ட்ராபெரிகள்’ படத்தில் முதிய பேராசிரியராக நடித்தாரே, அவரேதான். அந்தக் கனத்த முகத்தை மட்டும் அறிந்தவர்கள், நாற்பது வருடம் முன்னால் அவர் காதலில் தடுமாறிச் சிரிக்கவைப்பதை அவசியம் பார்க்க வேண்டும்.

ஸ்டில்லரைப் பற்றியும் ஒரு வார்த்தை. அவர் ஸ்வீடனில் பிறந்தவர் இல்லை. 1883-ல் ஹெல்சின்கியில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்து, சிறுவயதிலேயே பெற்றோரை இழந்தவர். ஃபின்லாந்து ரஷ்யப் பேரரசின் கீழ் இருந்த காலம். ஜார் மன்னரின் படையில் சேரச் சொன்னபோது தப்பி ஸ்வீடனுக்கு வந்தார். வேறு நாட்டில் புதிய மனிதராகத் தன்னை அமைத்துக்கொண்ட ஒருவருக்கு, உடை மாற்றிப் புது ஆளாக நிற்பவர்கள்மேல் இவ்வளவு பரிவு இருந்ததில் வியப்பில்லை. வேடம் போட்டவளை அவர் எங்குமே கேலிப்பொருளாக்கவில்லை.

1941-ல் ஸ்டாக்ஹோமில் பழைய படச்சுருள்களை வைத்திருந்த கிடங்கு வெடித்துத் தீப்பற்றியது. எளிதில் தீப்பிடிக்கும் நைட்ரேட் சுருள்கள். ஸ்வீடனின் மௌனப்பட மூலச்சுருள்களில் பெரும்பகுதி அன்று போய்விட்டது. ஸ்டில்லரின் ஆரம்பகாலப் படங்களில் பல இன்று எங்குமே இல்லை. பெண்களின் வாக்குரிமைப் போராட்டத்தை வைத்து 1913-ல் அவர் எடுத்த நகைச்சுவைப் படமும் அப்படிக் காணாமல் போனதுதான். ஸ்வீடன் பெண்கள் நாடாளுமன்றத் தேர்தலில் முதன்முதலாக வாக்களித்தது 1921-ல். அந்தப் போராட்டக்காரியை நம்மால் இனிப் பார்க்க முடியாது. நிருபர் ஹெர்த்தா மட்டும் முக்கால் மணி நேரத்துக்கும் குறைவான படத்தில், அந்த வேலைக்காரி உடையோடு, நமக்கு மிஞ்சியிருக்கிறாள்.