நாலு கிலோ சர்க்கரையும் பத்து நிமிஷ நடையும்

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். 'உடம்பைக் காப்பது தீவிர டயட்டும் ஜிம்முமா, அன்றாடச் சின்னப் பழக்கங்களா?' என்பது தலைப்பு. சின்னப் பழக்கங்களே என்று பேச வந்திருக்கிறேன்.

எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தம்பி, "ஒரு ஸ்பூன் சர்க்கரையைக் குறைத்து என்ன ஆகப்போகிறது? 21 நாள் சேலஞ்ச் எடுங்கள், ஆளே மாறிவிடுவீர்கள்" என்றார். கைதட்டலும் வாங்கினார்.

சரி தம்பி, கணக்குப் போடுவோம். நாளைக்கு மூன்று டீ, டீக்கு இரண்டு ஸ்பூன். ஆறு ஸ்பூன் ஆயிற்றா? சேர்க்கும் சர்க்கரை மொத்தமே சுமார் 25 கிராமுக்குள், அதாவது ஆறு ஸ்பூனுக்குள் இருந்தால் இன்னும் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். டீயிலேயே கோட்டா முடிந்தது. கேசரிக்கு எங்கே போவது? டீக்கு ஒரே ஒரு ஸ்பூன் குறையுங்கள். நாளைக்கு 12 கிராம். வருஷத்துக்கு நாலு கிலோவுக்கு மேல்! கடையில் நாலு கிலோ சர்க்கரை வாங்கி வீடு வரை தூக்கிப் பாருங்கள், சின்ன மாற்றமா பெரிய மாற்றமா என்று உங்கள் கையே சொல்லும்.

அடுத்து அந்த 21 நாள். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் 96 பேரிடம், தினமும் ஒரே ஒரு புதுப் பழக்கத்தைச் செய்யச் சொல்லி 12 வாரம் கவனித்தார்கள். மதியச் சாப்பாட்டோடு ஒரு பழம் என்பது மாதிரி எளிய பழக்கங்கள்தான். அது தானாக வர சராசரியாக 66 நாள். சிலருக்கு 18 நாளிலேயே வந்தது. சிலருக்கு 254 நாள் வரை ஆகும் என்று கணக்கிட்டார்கள். நடுவில் ஒரு நாள் விட்டதால் எதுவும் கெட்டுப்போகவில்லை. சேலஞ்ச் முடித்தவர் 22-ஆம் நாள் பரோட்டா கடை வாசலில் நிற்கிறாரே, ஏன்? பழக்கம் வருவதற்குள் பந்தயம் முடிந்துவிட்டது!

எதிரணி அம்மா, "பத்தாயிரம் அடி நடக்காவிட்டால் அது நடையே இல்லை" என்றார். அம்மா, அது எந்த டாக்டரும் எழுதிக்கொடுத்த சீட்டு இல்லை. 1965-இல் ஜப்பானில் அடி எண்ணும் கருவி ஒன்றை விற்றபோது பிரபலமான எண். அமெரிக்காவில் வயதான பெண்களிடம் நடந்த ஆய்வு ஒன்று 2019-இல் வெளியானது. தினம் 2,700 அடி நடந்தவர்களைவிட 4,400 அடி நடந்தவர்களிடையே இறப்பு கணிசமாகக் குறைவு. சுமார் 7,500-க்கு மேல் கூடுதல் லாபம் தெரியவில்லை.

ராத்திரி சாப்பிட்டதும் சோபாவில் சாயாமல் தெருவில் பத்து நிமிஷம் நடங்கள். வேலை செய்யும் கால் தசை, ரத்தத்திலிருக்கும் சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். இன்சுலின் மந்தமாக இருப்பவருக்கும் இந்த வழி திறந்தே இருக்கிறது. இந்தியாவில் 10 கோடிக்கும் மேற்பட்டவர்களுக்குச் சர்க்கரை நோய் என்று ஐசிஎம்ஆர், அதாவது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழக ஆய்வு 2023-இல் சொன்னது. அத்தனை பேரையும் எந்த ஜிம்மில் சேர்ப்பீர்கள்?

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன், நடை மட்டும் போதாது. வாரத்தில் இரண்டு நாளாவது தசைக்குத் தனியாக வேலை வேண்டும். அதற்கு வீட்டு நாற்காலி இருக்கிறது. கை ஊன்றாமல் பத்துத் தடவை உட்கார்ந்து எழுங்கள். மூன்றாவது சுற்றில் தொடை முனகும், மாதச் சந்தா கிடையாது.

மணி அடித்துவிட்டீர்கள் ஐயா, முடித்துவிடுகிறேன். அடுத்துப் பேச வரும் எதிரணி அண்ணனுக்கு ஒரே கேள்வி. தீபாவளியன்று மாமியார் அதிரசத் தட்டை நீட்டும்போது, உங்கள் டயட் சார்ட்டில் அதற்கு ஒரு கட்டம் உண்டா? எங்கள் அணியில் ஒன்றை எடுத்துச் சாப்பிட்டுவிட்டு நடக்கக் கிளம்பிவிடுவோம். நீங்கள் என்ன செய்வீர்கள்?