ஓமலூரில் சரி, ஏற்காட்டில் சிக்கல்: பைனரி ட்ரீ பேலன்ஸ்டா என்று ரிகர்ஷனில் பார்ப்பது

[திரை: ஏழு வட்டங்கள், உச்சியில் ஓமலூர்]

நம்ம சேலம் மாவட்டத் தாலுகாக்களில் ஏழை எடுத்து ஒரு பைனரி சர்ச் ட்ரீயில் போட்டிருக்கிறேன். ஒவ்வொரு வட்டமும் ஒரு நோடு; அதற்குக் கீழே இடது, வலது என்று அதிகபட்சம் இரண்டு கிளைகள். அகரவரிசையில் முந்தியது இடப்பக்கம், பிந்தியது வலப்பக்கம். உச்சியில் இருக்கிற நோடு, அதாவது ரூட், ஓமலூர். இடது பக்கம் ஏற்காடு, எடப்பாடி, ஆத்தூர் என்று இடமாகவே இறங்குகிறது. வலது பக்கம் கெங்கவல்லி, சங்ககிரி, மேட்டூர் என்று வலமாகவே.

பார்க்க ஓட்டுக்கூரை மாதிரி லட்சணமாகத்தான் இருக்கிறது. பேலன்ஸ்டா?

ஒரு பக்கத்தின் உயரம் என்பது அந்தப் பக்கம் இறங்கும் மிக நீளமான வழியில் இருக்கிற நோடுகளின் எண்ணிக்கை. ஓமலூரில் இடது உயரம் 3, வலது உயரம் 3. இதோடு 'ஆமாம்' என்று எழுதிவிட்டு எழுந்து போகிறவர்கள் நிறைய. ஆனால் விதி ரூட்டுக்கு மட்டுமல்ல. எந்த நோடை எடுத்தாலும் இரண்டு பக்க உயர வித்தியாசம் 1-ஐத் தாண்டக் கூடாது. 1962-இல் அடெல்சன்-வெல்ஸ்கியும் லேண்டிஸும் வெளியிட்ட, தன்னைத்தானே பேலன்ஸ் செய்துகொள்ளும் ஏவிஎல் ட்ரீயின் நிபந்தனையும் இதுதான்.

சரி, ஒவ்வொரு நோடிலும் நின்று தனித்தனியாக உயரம் எண்ணலாமே? எண்ணலாம். ஓமலூருக்காக ஆத்தூர் வரை இறங்கியதை ஏற்காட்டுக்காக மறுபடி, எடப்பாடிக்காக மறுபடி இறங்க வேண்டும். ஏழும் ஒரே சங்கிலியாக இருந்தால் 7+6+5 என்று 1 வரை கூட்டி மொத்தம் 28 தடவை நோடுகளைத் தொட வேண்டும். நோடுகள் பத்து மடங்கானால் வேலை கிட்டத்தட்ட நூறு மடங்கு. வீண் அலைச்சல். அதற்குப் பதில் ரிகர்ஷன், அதாவது தன்னையே கூப்பிட்டுக்கொள்ளும் ஃபங்ஷன்.

[திரை: ஃபங்ஷன்]

உயரம்(நோடு):
  நோடு காலி என்றால், 0
  இ = உயரம்(நோடு.இடது), இ -1 என்றால், -1
  வ = உயரம்(நோடு.வலது), வ -1 என்றால், -1
  இ, வ வித்தியாசம் 1-க்கு மேல் என்றால், -1
  இல்லையென்றால், 1 + இரண்டில் பெரியது

உயரம் மைனஸில் வராது இல்லையா? அதனால் -1 என்பதை 'கெட்டுவிட்டது' என்ற சேதிக்கு வைத்துக்கொள்கிறோம். உயரமும் தீர்ப்பும் ஒரே ரிட்டர்னில் மேலே வந்துவிடும். ட்ரூ, ஃபால்ஸ் மட்டும் அனுப்பினால் மேலே இருக்கிற நோடுக்கு உயரம் தெரியாமல் போய்விடும்.

[திரை: ஆத்தூர் ஒளிர்கிறது]

ஆத்தூருக்குக் கீழே இரண்டு பக்கமும் காலி. 0, 0. அது 1 அனுப்புகிறது. எடப்பாடியில் இடது 1, வலது 0. வித்தியாசம் 1, பரவாயில்லை, 2 அனுப்புகிறது. அப்புறம் ஏற்காடு: இடது 2, வலது 0. மலையேறும் இடத்தில் வண்டி திணறிவிட்டது! -1. ஓமலூர் அதை வாங்கிய கையோடு -1 என்று முடித்துவிடுகிறது. கெங்கவல்லிப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை, கவனித்தீர்களா?

ஒரு நோடை ஒரு தடவைக்கு மேல் தொடுவதில்லை. இன்னும் முடியாத அழைப்புகளை வைத்திருக்கும் ஸ்டாக்கில் மட்டும் ட்ரீயின் உயரத்துக்கு இடம் பிடிக்கும். பைத்தானில் ரிகர்ஷன் வரம்பு வழக்கமாக 1000. அகரவரிசையிலேயே ஐயாயிரம் ஊர்களைச் சேர்த்துச் சங்கிலியாக்கி இதை ஓட்டினால், -1 வருவதற்கு முன்னால் ரிகர்ஷன் எரர்தான் வரும்.